வால்பாறையிலிருந்து அபுதாபி, விளக்கு வைப்பதற்குள்

கோயமுத்தூரிலிருந்து அபுதாபிக்கு எவ்வளவு தூரம் என்று போனில் தட்டிப் பார்த்தால், இரண்டாயிரத்து எண்ணூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு, விமானத்தில் நாலு மணி நேரம் என்று வருகிறது. வால்பாறையிலிருந்து கோயமுத்தூருக்கு நூறு கிலோமீட்டர் சொச்சம், பஸ்ஸில் அதே நாலு மணி நேரம். இரண்டையும் சேர்த்துப் பார்த்தபோது எனக்கு முதலில் வந்தது பெருமைதான். அந்த மலைப்பாதையில் இருபத்தெட்டு வருஷம் அரசு பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவன் நான். ஒரு விமானம் அரபிக்கடலையே தாண்டுகிற நேரத்தை எங்கள் நாற்பது கொண்டை ஊசி வளைவுகள் தமக்கென்று கேட்டு வாங்கிக்கொள்கின்றன என்றால், அது லேசுப்பட்ட ரோடா?

அந்தக் கணக்கை நான் பார்க்க வேண்டி வந்தது என் அக்காள் மகள் கௌசல்யாவின் கல்யாணப் பேச்சினால். அக்காள் பழனியம்மாள் வால்பாறையில் ஒரு எஸ்டேட்டில், ஓய்வு வயதைத் தாண்டியும், தினக்கூலிக்குத் தேயிலை பறிக்கிறாள். தொழிலாளர்களுக்கென்று வரிசையாகக் கட்டிய லைன் வீட்டில் குடியிருப்பு. மச்சான் போய்ச் சேர்ந்து பல வருஷம் ஆகிறது. ஒரே மகளைக் கோயமுத்தூரில் நர்சிங் படிக்க வைத்தாள். இப்போது கௌசி அங்கேயே ஒரு ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் பிரிவில் இருக்கிறாள். எங்கள் லைன் வீடுகளிலிருந்து நர்ஸ் ஆன முதல் பெண் அவள்தான் என்று நான் எல்லோரிடமும் சொல்வேன். "முதலாவது இல்ல, மூணாவது" என்று அக்காள் திருத்துவாள். எனக்கு அவள் முதல் பெண்தான்.

பையன் பவானிக்காரன், தினேஷ். அபுதாபியில் லிஃப்ட் மெக்கானிக். அவன் அப்பாவை டயாலிசிசுக்குக் கூட்டிக்கொண்டு வந்த இடத்தில் கௌசியைப் பார்த்திருக்கிறான். அவளுக்கும் பிடித்துவிட்டது. அபுதாபி ஆஸ்பத்திரி ஒன்றில் அவளுக்கு வேலையும் கிடைத்துவிட்டது. இரண்டு வீட்டிலும் எல்லாம் ஒத்து வந்தன. ஒத்து வராதது ஒன்றுதான், அக்காள் வைத்திருந்த சட்டம்.

"விடிஞ்சு கெளம்புனா, வெளக்கு வெக்கறதுக்குள்ள போய்ச் சேரோணும். அந்தத் தூரத்துக்குள்ளதான் பொண்ணு குடுப்பேன்."

இந்தச் சட்டம் சும்மா வந்ததில்லை. அக்காளை ஈரோட்டுப் பக்கம் கட்டிக் கொடுத்திருந்தோம். எங்கள் அம்மா எஸ்டேட்டில் இறந்தபோது சேதி போய், அவள் கிளம்பி, பஸ் மாறி மாறிப் பொள்ளாச்சி வந்து சேர்வதற்குள் மலைக்குப் போகும் கடைசி பஸ் போய்விட்டது. அன்றைக்கு மழை வேறு. ராத்திரி முழுக்க பஸ் ஸ்டாண்டிலேயே உட்கார்ந்திருந்தாள். மறுநாள் அவள் மேலே வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அம்மாவின் முகத்தை அவள் பார்க்கவே இல்லை. அதற்கப்புறம் மச்சானையும் கூட்டிக்கொண்டு எஸ்டேட்டுக்கே குடி வந்தவள்தான், மலையை விட்டு இறங்கவில்லை.

அதனால் அவளிடம் யாரும் வாதாடுவதில்லை. கௌசி மட்டும் சொன்னாள்: "சரிம்மா. மாமா ஒருக்கா போய்த்தான் பாக்கட்டுமே. சேர முடியாதுன்னா நானே வேண்டாம்னு சொல்லிப்போடறேன்." சொல்லும்போது அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

மாப்பிள்ளை வீடு பார்க்கப் போவது எங்கள் பக்கம் தாய்மாமன் பொறுப்பு. அப்படியாக என் அறுபத்திரண்டாவது வயதில், மே மாதத்தில் ஒரு நாள், தூரத்தை அளந்து வர நான் புறப்பட்டேன்.

இருட்டில் கிளம்புகிற முதல் பஸ்ஸில் அக்காள் என்னை ஏற விடவில்லை. "விடிஞ்சப்பறம்னுதான் பேச்சு" என்று கையைப் பிடித்து நிறுத்திவிட்டாள். எதிர்மலையில் வெயில் விழுந்த பிறகு வந்த பஸ்ஸில்தான் ஏறினேன். ஓட்டுநர் எனக்குக் கீழே வண்டி பழகியவர். எட்டாவது வளைவில் அவர் கியர் மாற்றிய விதம் எனக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் பயணியாகப் போகிறவன் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க வேண்டும் என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். ஆழியாறு அணைப் பக்கம் இறங்கும்வரை அப்படியே வந்தேன்.

கோயமுத்தூர் விமான நிலையம் நான் நினைத்ததைவிடச் சின்னது, அடக்கமானது. எங்கள் ஊர்க்காரர்கள் மாதிரியே வரிசையில் நிற்கும்போதும் "நீங்க முன்னால போங்க", "இல்லீங்க, நீங்க போங்க" என்று மரியாதை நடந்துகொண்டிருந்தது. இந்த மரியாதையில் இரண்டு பேர் எங்களைத் தாண்டி முன்னால் போய்விட்டார்கள். சோதனையில் என் சட்டைப் பையிலிருந்த டெஸ்டரைப் பிடுங்கிக்கொண்டார்கள். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அந்தப் பையில் ஒரு டெஸ்டர் இல்லாமல் நான் வெளியே போனதில்லை.

"எதுக்குங்க ஐயா ஃப்ளைட்டுல ஸ்குரூ டிரைவரு?" என்று அந்தப் பெண் காவலர் கேட்டாள்.

"வழியில நின்னு போச்சுன்னா ஆரு பாக்கறதுங்க அம்மணி?" என்றேன். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் டெஸ்டரைத் தரவில்லை.

விமானத்தில் என் பக்கத்து இருக்கையில் கோயமுத்தூர் கோட்டைமேட்டு பாய் ஒருவர். துணி வியாபாரம். மாதம் ஒரு தடவை இந்த வழியில் போய் வருகிறவராம். எனக்கு பெல்ட் மாட்டச் சொல்லிக்கொடுத்துவிட்டு, "நேரா போயிருமுங்க. சத்தி ரோட்டுல நான் மாட்டிக்கிற நேரம்கூட ஆகாது" என்று தைரியம் சொன்னார். நான் பொட்டலம் கட்டிக் கொண்டுவந்த தக்காளிச் சோற்றைப் பிரித்தேன். அவர் கையில் பேரீச்சம்பழம் வைத்திருந்தார். அபுதாபிக்குப் போகிற ஆள் இங்கிருந்தே பேரீச்சம்பழம் கொண்டு போகிறாரே என்று எனக்கு வேடிக்கை. "அங்க விக்கறது பூரா எனக்கு ரொம்பத் தித்திப்புங்க" என்றார்.

சாப்பிட்டதும் அவர் தன் கைக்கடிகாரத்தை ஒன்றரை மணி நேரம் பின்னால் தள்ளி வைத்தார். "நீங்களும் திருப்பிக்குங்க. அங்க மணி பின்னாலதான் இருக்கும்."

"எனக்கு வேண்டாமுங்க. நான் வால்பாறை மணிக்கே இருக்கறேன்" என்று சொல்லிவிட்டேன். ஒரு தடவை டிப்போவில் வைத்த மணியை நடுவழியில் திருப்புகிற பழக்கம் எனக்கில்லை. பாய் வற்புறுத்தவில்லை.

ஜன்னல் வழியே பார்த்தால் கீழே கடல். எவ்வளவு நேரம் பார்த்தாலும் வெயில் இறங்கவே இல்லை. நாங்கள் மேற்கே போகப் போக, பொழுதும் எங்களோடு சேர்ந்து மேற்கேதான் போய்க்கொண்டிருந்தது. என் கடிகாரத்தில் மாலையாகிக்கொண்டிருக்க, வெளியே இன்னும் உச்சி வெயில் மாதிரி. எனக்கு உற்சாகம் பொறுக்கவில்லை. சூரியனையே எங்கள் பக்கம் சேர்த்துக்கொண்டோம், இனி அக்காள் என்ன சொல்லப் போகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

இறக்கிய விதத்தையும் சொல்ல வேண்டும். சக்கரம் தரையைத் தொட்டது வயிற்றுக்குத் தெரியவில்லை. முன்னால் போய் அந்த ஓட்டுநர் கையைப் பிடித்துக் குலுக்கலாம் என்று எழுந்தேன். பாய்தான் சட்டையைப் பிடித்து உட்கார வைத்தார்.

வெளியே தினேஷ் நின்றிருந்தான். போட்டோவில் பார்த்ததைவிட ஒல்லி. என் பையை வாங்க அவன் இழுக்க, கொடுக்காமல் நான் இழுக்க, கொஞ்ச நேரம் அங்கேயே போராட்டம். வெயில் நெருப்பைக் கொட்டியது. வாடகைக் காரை ஓட்டியவர் பாகிஸ்தானில் பெஷாவர் பக்கத்து மலைக்காரர். நானும் ஓட்டுநர்தான் என்று தினேஷ் இந்தியில் சொன்னதும், அவர் கண்ணாடியில் என்னைப் பார்த்து இரண்டு கையையும் ஸ்டியரிங்கிலிருந்து எடுத்துக் கும்பிட்டார். எனக்குப் பகீரென்றது.

"உங்க மலையில எத்தனை வளைவுன்னு கேக்கறாருங்க மாமா" என்று தினேஷ் மொழிபெயர்த்தான்.

"நாப்பது. ஒவ்வொண்ணுக்கும் நெம்பர் போட்டுப் பலகை வெச்சிருக்கு. சொல்லு."

அவர் ஏதோ சொல்லிச் சிரித்தார். "அவங்க ஊர்ல யாரும் இன்னும் எண்ணி முடிக்கலையாமுங்க" என்றான் தினேஷ். நான் விட்டுக்கொடுக்கவில்லை. எங்கள் ஒன்பதாவது வளைவில் வரையாடுகள் வண்டியை மறித்து நிற்கும் என்றேன். அவர்கள் ஊரில் பனி வண்டியையே மூடிவிடுமாம். கடைசியில் இரண்டு பேரும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போனோம். இந்த ஊர் ரோடு கோடு கிழித்த மாதிரி நேராக இருக்கிறது, ஓட்டினால் தூக்கம்தான் வரும். "விமானத்தில் மூன்று மணி நேரம், அப்புறம் மலை ஏற ஒன்பது மணி நேரம், அதுதான் என் வீடு" என்று அவர் சொன்னாராம். கடைசியாக எப்போது போனார் என்று நான் கேட்கச் சொன்னேன். தினேஷ் கேட்டான். அவர் கண்ணாடியை விட்டுக் கண்ணை எடுத்து வண்டியைத் திருப்பினார்.

முசஃபா என்கிற பகுதியில் தினேஷ் இருக்கும் கட்டடத்தின் முன்னால் இறங்கினோம். வெயில் கண்ணைக் கூசியது. உடனே அக்காளுக்கு வீடியோ அழைப்புப் போட்டேன். போனை வானத்துக்குத் திருப்பிக் காட்டினேன்.

"அக்கா! பாத்துக்கோ. பொழுது எங்க நிக்குதுன்னு பாரு. வெளக்கு வெக்க இன்னும் எவ்வளவோ நேரம் கெடக்குது. செயிச்சுப்போட்டோம்!"

அந்தப் பக்கம் அக்காளின் முகம் மங்கலாகத் தெரிந்தது. அவள் பின்னால் சாமி படத்தடியில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. "நான் வெச்சு ரொம்ப நேரமாச்சே" என்றாள்.

"அது உன்ற ஊரு வெளக்கு. இது இந்த ஊரு பொழுது."

"எந்த ஊரு வெளக்குன்னு நான் சொல்லவே இல்லையே தம்பி."

அதற்கும் நான் மல்லுக்கு நின்றேன். சண்டையில் பாதி தூரம் நான் போய்க்கொண்டிருந்தபோது, கௌசி தன் விடுதியிலிருந்து அதே அழைப்பில் சேர்ந்தாள். நாங்கள் இரண்டு பேரும் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டாள். அப்புறம் மெதுவாகச் சொன்னாள்: "மாமா, நீங்க தப்பான பக்கம் அளந்துட்டிருக்கீங்க. நாம அங்க போய்ச் சேர்றது கணக்கே இல்லீங்க. அம்மாவுக்கு ஏதாச்சும்னா நான் அங்கிருந்து இங்க வர்றதுதான் கணக்கு."

அக்காள் பின்னால் திரும்பி விளக்கைப் பார்த்தாள். "நீ திரும்பி வர்ற அன்னிக்குப் பாத்துக்கலாம். இந்த ஊட்டு வெளக்குத்தான் கணக்கு" என்று வைத்துவிட்டாள்.

எனக்கு முகம் தொங்கிவிட்டது. மேற்கே வரும்போது கூடவே வந்த சூரியன், கிழக்கே போகும்போது எதிரில் வந்து நம்மைத் தாண்டிப் போய்விடும். வரும்போது கிடைத்த ஒன்றரை மணி நேரத்தைத் திரும்பும்போது அப்படியே கொடுத்துவிட வேண்டும். இருபத்தெட்டு வருஷம் ஏற்றத்துக்கு ஒரு நேரம், இறக்கத்துக்கு ஒரு நேரம் என்று அட்டவணை பார்த்து ஓட்டியவனுக்கு இது தோன்றவில்லையே என்று வெட்கமாக இருந்தது. கௌசிக்குத் தோன்றியது. அந்த வெட்கத்துக்குள்ளேயும் ஒரு சந்தோஷம் இருந்ததை மறைக்க மாட்டேன்.

மறுநாள் முழுக்க வீடு பார்க்கும் வேலை. இப்போதைக்கு தினேஷ் மூன்று நண்பர்களோடு ஒரு அறையில் இருக்கிறான். கல்யாணத்துக்கு அப்புறம் போகப் போகிற வீடு அதே கட்டடத்தில் மேல் மாடியில். இரண்டையும் பார்த்தேன். குழாயைத் திறந்து பார்த்தேன், சுவிட்சைப் போட்டுப் பார்த்தேன், கதவுக் கொண்டியை இழுத்துப் பார்த்தேன். டெஸ்டர் இல்லாததால் அதற்கு மேல் பார்க்க முடியவில்லை.

அப்புறம் அவன் வேலை பார்க்கும் பெரிய கட்டடத்துக்குக் கூட்டிப்போனான். முப்பது மாடி. லிஃப்ட் மூச்சு விடுவதற்குள் மேலே போய் நின்றது, ஒரு வளைவு இல்லை. "நெதமும் இதுல ஏறி எறங்கற அத்தனை சனமும் நாங்க பார்த்த வேலைய நம்பித்தானுங்க மாமா ஏறுது" என்று அவன் கொஞ்சம் கூச்சத்தோடு சொன்னான். எனக்கு அது போதும். என்னையும் நம்பித்தான் தினமும் ஒரு பஸ் ஜனம் தூங்கிக்கொண்டே வந்தது. இவனும் எங்கள் ஜாதி, ஓட்டுநர் ஜாதி என்று மனதுக்குள் முடிவு கட்டிவிட்டேன்.

ஆனால் என் மனது முடிவு கட்டினால் ஆயிற்றா? அறைக்குத் திரும்பியபோது அரிசி பருப்புச் சோறு வாசம் படி வரைக்கும் வந்தது. அறையிலிருந்த மூன்று பையன்களும் விடிந்ததிலிருந்து எனக்காகச் சமைத்திருக்கிறார்கள். அரிசி பருப்புச் சோறு, நெய், தயிர், அப்பளம், கத்திரிக்காய்ப் பொரியல். எனக்கோ அதைத் தொட வழியில்லை. சம்பந்தம் பேசி முடிக்காத வீட்டில் கை நனைக்கக் கூடாது. நனைத்துவிட்டால் பெண் வீட்டார் சரி என்று சொல்லிவிட்டதாக அர்த்தம். அக்காள் இன்னும் சொல்லவில்லை.

"வெளிய கடையில பரோட்டா தின்னுக்கறேன் கண்ணு. தப்பா நெனைச்சுக்காதீங்க" என்றேன். பையன்கள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. வந்தவரைச் சாப்பிடாமல் அனுப்பினோம் என்று ஊரில் சொன்னால் அவர்களுக்கு மானம் போகும். சாப்பிட்டேன் என்று சொன்னால் எனக்கு அக்காளிடம் உயிர் போகும். கொஞ்ச நேரம் எல்லோரும் சட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

தினேஷ்தான் யோசித்தான். "ஏனுங்க மாமா, ஊட்டுக்குள்ளாற தின்னாத்தானுங்க கை நனைக்கறது?"

"ஆமா."

"படிக்கட்டு ஊடு இல்லீங்களே."

லிஃப்ட் இருக்கிற கட்டடத்தில் படிக்கட்டில் யாரும் நடப்பதில்லை. இரண்டு மாடிக்கு நடுவிலிருந்த திருப்பத்தில், அவன் அம்மா கொடுத்தனுப்பிய பவானி ஜமக்காளத்தை விரித்தான். சட்டிகளை ஒவ்வொன்றாகக் கொண்டு வந்து வைத்தார்கள். அங்கே குளிர்சாதனம் கிடையாது, வேர்வை வழிந்து தட்டில் விழாத குறை. மூன்றாம் தடவையும் வாங்கிச் சாப்பிட்டேன். மேல் வீட்டு பிலிப்பைன்ஸ் பெண் ஒருத்தி எப்படியோ படியில் இறங்கி வந்து, எங்கள் பந்தியைப் பார்த்துத் திகைத்து நின்றாள். வீட்டுக்குள் இடமில்லையா என்று அவள் கேட்டதாகத் தினேஷ் சொன்னான். அவளுக்கும் ஒரு தட்டு போட்டோம்.

மூன்றாம் நாள் விடிகிற வரைக்கும் நான் அறையிலேயே காத்திருந்தேன். அக்காள் அங்கே இல்லையென்றாலும் பேச்சு பேச்சுதான். கிழக்கே வெளுத்து, வெயில் எட்டிப் பார்த்ததும் தினேஷ் வாடகைக் கார் பிடித்தான். விமான நிலையத்தில் என் காலைத் தொட்டுக் கும்பிட்டான். "எப்படியாச்சும் நேரத்துக்குப் போயிருங்க மாமா" என்றான். பையை என் தோளில் அவனே மாட்டிவிட்டான்.

திரும்பும் விமானத்தில் நான் கடலைப் பார்க்கவில்லை, கடிகாரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். விமானம் ஒழுங்காகப் போனது, ஒழுங்காக இறங்கியது. கோயமுத்தூரில் வெளியே வந்தபோது பொழுது உச்சியைத் தாண்டிக் கொஞ்சம்தான் சாய்ந்திருந்தது. கௌசி ஒரு காரோடு காத்திருந்தாள்.

"ஏறுங்க மாமா, நேரா மேலயே போயர்லாம்."

நான் ஏறவில்லை. "அவசரத்துக்கு வர்ற அன்னிக்கு உனக்கு எப்பவும் காரு கெடைக்குமா? பஸ்ஸுல போனாத்தான் ஞாயமான கணக்கு. என்ற பஸ்ஸு எப்பேர்ப்பட்டதுன்னு உனக்குத் தெரியாதா?" என்றேன். அது ஞாயமும்தான். ஆனால் பாதிக்குப் பாதி என் வீம்பும்தான் என்று இப்போது தெரிகிறது. கௌசி என் முகத்தைப் பார்த்தாள். அப்புறம் காரை அனுப்பிவிட்டு ஆட்டோ பிடித்தாள். உக்கடம் பஸ் ஸ்டாண்டில் பொள்ளாச்சி பஸ், பொள்ளாச்சியில் வால்பாறை பஸ். எல்லாம் கைக்கு எட்டுகிற மாதிரி கிடைத்தன. ஆழியாறு சோதனைச் சாவடியைத் தாண்டும்போது நல்ல வெயில். ஜெயித்துவிட்டோம் என்று நான் கண்டக்டரிடமே சொல்லிவிட்டேன்.

வளைவுகளில் ஒரு பெண்ணுக்கு வாந்தி வந்து மயக்கமானது. கௌசி எழுந்து போய் அவளைச் சாய்த்துப் படுக்க வைத்து, தண்ணீர் தெளித்து, நாடி பிடித்துப் பார்த்து, பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்துகொண்டாள். ஓடுகிற பஸ்ஸில், அந்த வளைவில், எதையும் பிடிக்காமல் உட்கார மலையில் பிறந்தவர்களால்தான் முடியும். "ஆரு பெத்த புள்ளையோ" என்று பின்சீட்டு அம்மா சொன்னார். "என்ற அக்கா மகளுங்க, நர்ஸு" என்று நான் பஸ் பூராவும் கேட்கும்படி சொன்னேன்.

அதற்கு நாலைந்து வளைவு தள்ளித்தான் வந்தது வினை. சுற்றுலா வேன் ஒன்று கொண்டை ஊசி வளைவில் குறுக்கே மாட்டிக்கொண்டு நின்றது. மலைக்குப் புதிய ஓட்டுநர், வளைவை உள்பக்கமாகவே ஒடித்துவிட்டார். முன்னால் போனால் சுவர், பின்னால் போனால் பள்ளம். மேலேயும் கீழேயும் வண்டிகள் வரிசை கட்டி ஹாரன் அடித்தன. அவர் ஸ்டியரிங்கை இறுகப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். நான் இறங்கிப் போய் எல்லோரையும் சத்தம் போட்டு ஹாரனை நிறுத்தச் சொன்னேன். சக்கரத்துக்குக் கல் வைத்தேன். ஜன்னல் பக்கத்தில் நின்று, அடி அடியாகத் திருப்பச் சொன்னேன். "பயப்படாதீங்க தம்பி, நான் இருக்கறேன், இன்னுங் கொஞ்சம், நிறுத்துங்க, இப்ப ஒடிங்க" என்று சொல்லிச் சொல்லி வேனை வெளியே எடுத்தோம். இரண்டு பக்கமும் கைதட்டினார்கள். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரும்பினேன். அப்போதுதான் மேற்கே பார்த்தேன். பொழுது மலைக்குப் பின்னால் போய்விட்டிருந்தது.

பஸ்ஸில் ஏறி கௌசி பக்கத்தில் உட்கார்ந்தேன். கார் பிடித்திருந்தால் இந்நேரம் வீட்டில் இருந்திருப்போம். அவள் அதைச் சொல்லவில்லை. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால்கூட எனக்குத் தேவலையாக இருந்திருக்கும். ஜன்னலுக்கு வெளியே தேயிலைச் சரிவு பச்சையிலிருந்து கருப்பாக மாறிக்கொண்டிருந்ததை அவள் பார்த்துக்கொண்டே வந்தாள். போனில் சிக்னல் இல்லை. கண்ணைத் துடைத்தாளா, காற்றுக்கு முடியை ஒதுக்கினாளா என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை.

எஸ்டேட் நிறுத்தத்தில் இறங்கியபோது நன்றாக இருட்டியிருந்தது. போன் வெளிச்சத்தில் சரிவில் நடந்தோம். கீழே லைன் வீடுகள் தெரிந்தன. எல்லா வீட்டிலும் விளக்கு, டி.வி. சத்தம், தாளிக்கிற வாசம். அக்காள் வீடு மட்டும் இருட்டாக இருந்தது. சாமி விளக்கும் இல்லை, கரண்டு விளக்கும் இல்லை.

கௌசி என் கையை உதறிவிட்டு ஓடினாள். "அம்மா! அம்மோவ்!"

பக்கத்து வீட்டுப் பெண் எட்டிப் பார்த்தாள். "ஒண்ணுமில்ல கண்ணு, ஓடாத. பொழுது விழுந்ததுல இருந்து உங்கொம்மா இப்படித்தான் வாசப்படியில உக்காந்திருக்குது. லைட்டப் போடு அக்கான்னு சொன்னா என்னையத் திட்டுது."

இருட்டுக்குள்ளிருந்து அக்காள் எழுந்தாள். புடவையில் ஒட்டிய தூசியைத் தட்டினாள். கையில் தீப்பெட்டி இருந்தது.

"வந்துட்டீங்களா? நேரத்துக்குத்தான் வந்திருக்கீங்க" என்றாள். "இப்பத்தான் வெளக்கு வெக்கலாம்னு எந்திரிச்சேன்."

"அக்கா, மணி ஏழரை..." என்று நான் ஆரம்பித்தேன்.

"மணிய உன்னைய ஆரு கேட்டா? இந்த ஊட்டு வெளக்குத்தான் கணக்குன்னு சொன்னேனா இல்லையா?" என்று என்னை அடக்கிவிட்டு மகள் பக்கம் திரும்பினாள். கௌசி மூச்சு வாங்க நின்றிருந்தாள். அக்காள் அவள் கன்னத்தைத் தடவிப் பார்த்தாள், ஈரமாக இருந்திருக்கும் போல. முந்தானையால் துடைத்துவிட்டாள்.

"அந்தப் பையனுக்குப் போனப் போட்டு, நல்ல நாள் பாக்கச் சொல்லு. நீ எந்நேரத்துக்குக் கெளம்பி வந்தாலும் சரி, நீ வந்து சேர்ற வரைக்கும் இந்த ஊட்டுல பொழுது விழுகாது."

சொல்லிவிட்டு, குச்சியைக் கிழித்துக்கொண்டு உள்ளே போனாள்.